பெயர்ப் பலகை இல்லாத பந்தலும் என் பயோடேட்டாவும்

1

இதை எழுத வேண்டும் என்று பேனாவைத் திறப்பதும், வேண்டாம் என்று மூடி வைப்பதுமாகவே பல வருஷங்கள் போய்விட்டன. என் பெயர் பாணி. படிப்பு பிளஸ் டூவோடு சரி, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். எழுத்துக்காரன் இல்லை. தயக்கத்துக்கு அது ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. நான் சொல்லப் போகிற விஷயம், வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று எங்கள் கூட்டம் கட்டுப்பாடு வைத்திருந்த விஷயம். ஒரு தடவை பிழைப்புக்காக மீறினேன். மறுபடி ஒரு தடவை மீறலாமா என்பதுதான் இத்தனை நாள் யோசனை.

போன வாரம் வீட்டில் நடந்த ஒரு சின்னப் பேச்சு என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

இங்கே மெல்போர்னில் பதினாலு பதினைந்து வயதிலேயே பிள்ளைகள் சனிக்கிழமை வேலைக்குப் போகிறார்கள். என் மகள் உமா பக்கத்துப் பழக்கடையில் வேலை கேட்டு ரெஸ்யூமே எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறை மேஜையில் பேப்பர். அடுப்படியில் என் மனைவி கோமதி.

"அப்பா, 'நான் பார்ன் லீடர்'னு போட்டிருக்கேன். ஓகேவா?"

"பிறவித் தலைவியா? எதுக்கும்மா லீடரா இருந்தே?"

"ஸ்கூல் ஃபேர்ல லெமனேட் ஸ்டால்."

"உன் கீழே எத்தனை பேரு?"

"நானும் ஜெசிகாவும்தான்."

கோமதி அங்கிருந்தே சிரித்தாள். "ரெண்டு பேருக்கு ஒரு தலைவரா? நம்ம ஊரு கட்சி மாதிரியே இருக்குடீ!"

உமாவுக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. ஊரை விட்டு வரும்போது அவளுக்கு ஆறு ஏழு வயது. இப்போது தமிழ் அவள் வாயில் பாதி வழியில் நின்றுவிடுகிறது, மீதிக்கு இங்கிலீஷ் வந்து கைகொடுக்கிறது. "சரி, நீங்க உங்க ரெஸ்யூமேல என்ன போட்டீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்களேன். அதனாலதானே இந்தப் பொண்ணு இங்க உக்காந்து லெமனேட் கதை சொல்லிட்டிருக்கு."

சொன்னேன். மகளிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் வீடுகளிலும் வெளிநாட்டில் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் இருப்பார்கள்.

2

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். தி.நகரில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் நான் புக்கிங் கிளார்க். காலையில் குளத்தைச் சுற்றிக் கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு, அப்புறம் பஸ். இதுதான் வாழ்க்கை. குறை என்று சொல்ல மாட்டேன்.

பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாடு அன்று மாட வீதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிக்கு ஒரு பந்தல். மோர், பானகம், புளியோதரை, சுண்டல். ஒவ்வொரு பந்தலிலும் ஒரு துணிப் பலகை, உபயம் இன்னார் என்று. சில பலகைகளில் சாமி பெயரைவிட உபயக்காரர் பெயர் பெரிதாக இருக்கும்.

எங்கள் பந்தலில் பலகை கிடையாது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த வழக்கம் அது. செய்கிறவன் பெயர் தெரியக் கூடாது. "யாருப்பா குடுக்கறது?" என்று யாராவது கேட்டால் எல்லாரும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்று.

"கபாலி."

அவ்வளவுதான். மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஈஸ்வரன் பெயர் அது. எங்களுக்குள்ளேகூட நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்ற பேச்சு எழாது. ஒருத்தன் டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டான். அடுத்த வருஷம் அவனைக் கரண்டி பக்கம் விடாமல் செருப்பு பார்த்துக்கொள்ள உட்கார்த்திவிட்டார்கள். சொன்னால் புண்ணியம் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. இன்றைக்கும் எனக்கு அந்த நம்பிக்கை உண்டு.

கூட்டத்தை நடத்தியவன் ஏகாம்பரம். குளத்தங்கரையில் பூக்கடை. என் வயதுதான், கார்ப்பரேஷன் பள்ளியில் என் பெஞ்ச். எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான், பெண்டாட்டியைக்கூட.

நான் சமைத்ததும் இல்லை, பரிமாறியதும் இல்லை. என் வேலை வேறு. எந்த வீட்டு அடுப்பில் எது, எந்த நேரம் இறக்குவது, எந்தச் சந்து வழியாக எந்த வண்டி, இதையெல்லாம் பார்ப்பது. பார்சல் ஆபீஸ் புத்தி. ஒரே இடத்தில் சமைத்தால் கூட்டம் அடைத்துக்கொள்ளும், அண்டா வெளியே வராது. ஆகையால் மூன்று வீடுகளில் பிரித்துச் சமைப்போம். காலையில் புளியோதரை, வெயில் ஏறியதும் தயிர்சாதம். தயிர்சாதத்தில் பாலை அதிகமாக விட்டுத் தயிரைக் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்வேன். பங்குனி வெயிலில் பந்தலுக்கு வந்து சேர்வதற்குள் சரியாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள் வரும். முந்தின நாளே தேய்த்துக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து நிறுத்தியிருப்பார்கள் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வண்டியின் பின்பக்கம் தனி வழி. முண்டுகிறவர்கள் முன்பக்கம் முண்டிக்கொள்ளட்டும்.

பாத்திரங்கள் காதர் பாய் கடையில் வாடகைக்கு. ஏகாம்பரம் பூக்கடைக்கு அடுத்த கடை அது. அண்டா, குண்டான், தாம்பாளம், கரண்டி எல்லாம் அங்கேதான். எங்கள் யாரிடமும் ஃபோன் கிடையாது, பாய் கடை ஃபோன்தான் எங்கள் எல்லாருக்கும்.

இப்போது பாருங்கள், எழுதியே விட்டேன். கபாலி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பார்சல் ஆபீஸை முதலாளி மூடப் போகிறார் என்று பேச்சு வந்தது. கோமதியின் அண்ணன் அப்போதே மெல்போர்னில் இருந்தார். உணவுக் கிடங்கு நிர்வாகம் என்று ஒரு படிப்பு இருக்கிறது, முப்பது வயதுக்கு மேலேயும் சேர்த்துக்கொள்கிறார்கள், வா என்றார். அடையாறில் ஒரு ஏஜெண்ட் ஆபீஸில் பேப்பர்கள் தயாராயின. கோமதியையும் உமாவையும் மயிலாப்பூரிலேயே இருந்த மாமனார் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். படிப்பு முடிந்து ஒரு கம்பெனி எனக்காகக் கையெழுத்துப் போட்டு வேலை கொடுத்தால் அவர்களும் வரலாம். கொடுக்காவிட்டால் விசா முடிகிற அன்று நான் திரும்ப வேண்டும், மூடிய ஆபீஸுக்கு. இதுதான் என் நிலைமை.

படிப்பு கடவுள் புண்ணியத்தில் முடிந்தது. வேலைக்கு மனுப் போட ஆரம்பித்தேன். லஸ் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றுக்கொடுத்தபடி அழகாக ஒரு பயோடேட்டா அடித்து வைத்திருந்தேன். மூன்று பக்கம். தலைமாட்டில் சின்னதாகப் பிள்ளையார் சுழி. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், உயரம், நிறம், திருமணமானவர், பாஸ்போர்ட் எண், பள்ளியில் வாங்கிய மார்க். மூலையில் ஒட்டிய போட்டோ. கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன் என்று கையெழுத்து.

பதில் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே மாதிரிப் பதில், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று. முதல் கடிதத்தை நல்ல சேதி என்று நினைத்துச் சாமி படத்தின் கீழே வைத்தேன். அப்புறம்தான் கோமதியின் அண்ணன் சொன்னார், இந்த ஊரில் வேலை இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள் என்று.

எங்கள் கல்லூரியில் வேலை தேடும் மாணவர்களுக்கு யோசனை சொல்ல ஜோ என்று ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இளையவள். நான் மேடம் என்பேன், அவள் ஒவ்வொரு தடவையும் ஜோ என்று திருத்துவாள், நான் சரி மேடம் என்பேன். அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

என் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு ஜோ கேட்டாள்: "இதில் உன் அப்பா பெயர் எதற்கு? வேலைக்கு அவரும் வருகிறாரா?"

"அவர் காலமாகிவிட்டார் மேடம்."

பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் ஒரு பேனாவை எடுத்து, தகப்பனார் பெயர், மதம், உயரம், நிறம், போட்டோ, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் அடித்தாள். உறுதிமொழியையும் அடித்தாள். "நீ பொய் சொல்வாய் என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. ஊரில் ஒவ்வொரு பேப்பருக்கும் நான்தான் நான் என்று கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி அலைந்தவன் நான்.

அவள் அன்று சொன்னதைப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. நீ யார் என்பதைவிட நீ என்ன செய்தாய், செய்ததால் என்ன ஆனது என்பதே முக்கியம். கடைசியாகச் செய்த வேலையை முதலில் எழுது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பேப்பரை அனுப்பாதே. அவர்கள் விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, உன்னிடம் அது உண்மையிலேயே இருந்தால் அதை மேலே கொண்டுவா. உன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் பெயரும் ஃபோன் நம்பரும் கொடு, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வை.

அடித்ததெல்லாம் போக என் மூன்று பக்கத்தில் மிஞ்சியது அரைப் பக்கம். பார்சல் ஆபீஸ், புக்கிங் கிளார்க். அவ்வளவுதான் நான்.

"வேறு எதுவும் செய்ததில்லையா? வேலை நேரம் போக?" என்றாள்.

"இல்லை மேடம்" என்றேன். மனதார அப்படித்தான் நினைத்துச் சொன்னேன். பந்தல் என் கணக்கிலேயே இல்லை. அது கபாலி கணக்கு.

பிள்ளையார் சுழியை மட்டும் நான் விடவில்லை. புதுப் பேப்பரின் பின்பக்கம் பென்சிலால் லேசாகப் போட்டுக்கொண்டேன்.

4

விசா முடிகிற நாள் நெருங்கியது. இமிக்ரேஷன் ஆபீஸில் டோக்கன் எடுத்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் கோபிக்கவில்லை, விரட்டவில்லை, முடியாது என்பதைப் புன்னகையோடு சொன்னார். நம்ம ஊர் கவுண்டரில் கத்தியிருந்தால்கூட நாமும் ரெண்டு வார்த்தை பேசி ஆறியிருக்கலாம்.

அந்த வாரம் கல்லூரியில் மாணவர்களுக்கு இலவச மதியச் சாப்பாடு போட்டார்கள். நீள மேஜை, பெரிய பெரிய பாத்திரம், ஒரே ஒரு வழி. எடுத்தவன் திரும்பி வர முடியவில்லை, நிற்பவன் உள்ளே போக முடியவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் ஓரத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். என் கால் நிற்கவில்லை. மேஜையைச் சுவரை விட்டு இழுத்து இரண்டு பக்கமும் வழி விட்டேன், ரொட்டியை ஒரு முனைக்கும் தண்ணீரை எதிர் மூலைக்கும் மாற்றினேன், அந்தப் பெண்ணுக்குப் பின்பக்கமாக வழி செய்தேன். கூட்டம் கரைந்துவிட்டது.

திரும்பினால் தட்டோடு ஜோ நிற்கிறாள்.

"இதை எங்கே கற்றுக்கொண்டாய்?"

"ஊர்ல, கோயில் திருவிழாவில்."

"எத்தனை பேர் வருவார்கள்?"

"மாட வீதி நாலும் தலையாகவே இருக்கும் மேடம். எண்ண முடியாது."

"வேறு எதுவும் செய்ததில்லை என்றாயே!"

"அதைச் சொல்லக் கூடாது மேடம்."

அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏன், சட்ட விரோதமா?"

சிரித்துவிட்டேன். வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அவள் கேலி செய்யவில்லை. தன் மேஜையிலிருந்து ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்புகிற பெரிய சமையற்கூடம். சாப்பாட்டை நேரத்துக்கு வண்டி ஏற்றி அனுப்ப ஒரு பொறுப்பாளர் வேண்டும். "இது உன் வேலை. ஆனால் அதை நீ எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும். முடிவு உன்னுடையது" என்றாள்.

அறைக்கு வந்து சாமி படத்தின் முன்னால் வெகு நேரம் உட்கார்ந்தேன். எழுதினால் புண்ணியம் போகும். எழுதாவிட்டால் கோமதியும் குழந்தையும் அங்கேயே. சாமி ஒன்றும் சொல்லவில்லை. பாய் கடைக்கு ஃபோன் போட்டு ஏகாம்பரத்தைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் யோசிக்கவே இல்லை.

"எழுதிக்கோ நைனா. வவுத்துப் பொழப்புக்குத்தானே கேக்கறே. கபாலி இன்னா கோச்சிக்கவா போறாரு? அவுரே கபாலத்தைக் கையில வெச்சுக்கினு பிச்சை எடுத்தவரு. பசி இன்னான்னு அவுருக்குத் தெரியாதா?"

"உன் பேரையும் நம்பரையும் குடுக்கணும் ஏகாம்பரம். கூப்பிட்டுக் கேப்பாங்க."

"குடு, குடு. வெள்ளக்காரன் நம்மாண்ட பேசறான்னா சும்மாவா? தொரை இங்கிலீசுல பேசி அசத்திடறேன்."

எழுதினேன். எங்கள் கூட்டம் செய்தது என்று எழுதிக் கொடுத்தேன். ஜோ அதை நான் செய்தேன் என்று மாற்றினாள். நான் மறுபடி எங்கள் கூட்டம் என்றேன். கடைசியில், சமைத்ததும் பரிமாறியதும் கூட்டம், அனுப்பும் ஏற்பாடு நான் என்று பிரித்து எழுதினோம். யோசித்தால் உண்மையும் அதுதான். அந்த ஒரு "நான்" என்ற சொல்லை டைப் அடிக்கும்போது என் விரல் கூசியது.

5

இதுவரை கேட்டதும் உமா இடைமறித்தாள். "நீங்க அதை முதல்லயே போடாதது சில்லி, அப்பா." சில்லிதான். ஆனால் அவளுக்குத் தன் பேப்பரில் பார்ன் லீடரை அடிக்க மனமில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள், வேலையும் கிடைத்துவிட்டது. பழக்கடைக்காரர் அதைப் படித்தாரா என்றே எனக்குச் சந்தேகம். அவள் காலம், அவள் ஊர். நான் என் கதைக்கு வருகிறேன்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் பெயர் கென். வாட்டசாட்டமான ஆள், பேச்சு கொஞ்சம். தயிர்சாதம் புளிக்காமல் இருக்க என்ன செய்வோம் என்று நான் சொன்னதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். எழுந்து கை கொடுத்தபோது, நீ கொடுத்த ஆளிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு வேலை கிடைத்தது போலவே இருந்தது. ஏகாம்பரம் என்னை விட்டுக்கொடுப்பானா?

இரண்டு மூன்று நாளில் மறுபடி வரச் சொன்னார். போனேன். கென் முகத்தில் அன்றைய முகம் இல்லை.

"உட்கார். மிஸ்டர் கபாலி என்பது யார்?"

பாதி உட்கார்ந்தவன் அப்படியே நிமிர்ந்தேன்.

"உன் ஊரில் நீ கொடுத்த ஆளிடம் பேசினேன். அந்தச் சாப்பாட்டு ஏற்பாட்டையெல்லாம் நடத்தியது யார் என்று கேட்டேன். கபாலி என்றார். இந்தப் பாணி இல்லையா என்றேன். இல்லை, எல்லாம் கபாலிதான் என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் கபாலி. அப்படியானால் அந்தக் கபாலிதான் எனக்கு வேண்டியவர். அவர் வேலை தேடுகிறாரா? அவர் செய்ததை நீ ஏன் உன் பெயரில் எழுதினாய்?"

நடந்தது என்ன என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பழக்கம். யார் செய்தது என்ற கேள்வி காதில் விழுந்ததும் ஏகாம்பரத்தின் வாய் தானாகத் திறந்திருக்கும். பந்தலில் நின்று காலமெல்லாம் சொன்ன ஒரே பதிலை, கடல் தாண்டி வந்த ஃபோனிலும் சொல்லிவிட்டான்.

"சார், கபாலி எங்கள் தெய்வம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? எங்கள் பந்தலுக்குப் பலகை இல்லாததையும், யார் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வோம் என்பதையும் எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன்.

கென் நாற்காலியில் சாய்ந்தார். கேலியாக இல்லை, களைப்பாகத்தான் கேட்டார். "நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் யாரிடம் விசாரிப்பது? உங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், இல்லையா?"

"ஆமாம் சார்."

"அப்போது நான் என்ன செய்யட்டும்?"

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. உமாவின் முகமும் கோமதியின் முகமும் வந்துபோயின. பரமேஸ்வரா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். அந்தக் கட்டுப்பாடு எங்கள் கூட்டத்துக்கு மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்த ஓர் ஆள் இருக்கிறார்.

"சார், அதே நம்பருக்கு இன்னொரு தடவை ஃபோன் போடுங்கள். எடுக்கிறவர் காதர் பாய். எங்களுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிறவர். அவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது."

6

எனக்கும் கேட்கும்படி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு கென் நம்பரை அழுத்தினார். அங்கே காலை வேளை. பாய் கடை திறந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். மணி அடித்து அடித்து, எடுத்தார்.

காதர் பாய் மவுண்ட் ரோடு ஓட்டல்களுக்கெல்லாம் பாத்திரம் கொடுத்தவர். அவர் இங்கிலீஷ் உடைந்திருக்கும், ஆனால் நிற்காது.

கென் எடுத்த எடுப்பில் கேட்டார்: "மிஸ்டர் கபாலியை உங்களுக்குத் தெரியுமா?"

"கபாலியா? தெரியும் சார். எங்க பேட்டை சாமி. நான் முஸ்லிம், ஆனா அவர் வீட்டுப் பக்கத்துலதான் கடை."

"திருவிழாவில் சாப்பாட்டு வேலையை நடத்தியது அவர் என்று உங்கள் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்."

"ஏகாம்பரம் சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான் சொல்வான். சார், நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கபாலி பெரிய சாமி. ஆனா அண்டா எடுத்துட்டுப் போக என் கடைக்கு அவர் வந்ததில்லை. பாணிதான் வருவார்."

கென் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாணி எப்படி வேலை செய்வார்?"

"சார், நான் கல்யாணத்துக்குக் கொடுக்கிறேன், கட்சி மாநாட்டுக்குக் கொடுக்கிறேன், கோயிலுக்கும் கொடுக்கிறேன், பள்ளிவாசலுக்கும் கொடுக்கிறேன். போற பாத்திரம் போற மாதிரி திரும்பி வர்றதே கிடையாது. ஒண்ணு நசுங்கும், ஒண்ணு காணாமப் போகும், மூடியை எவனாவது முறமா ஆக்கிடுவான். பாணி எடுத்துட்டுப் போனா மறுநாள் காலைல கழுவி, காயவெச்சு, மூடியோட வந்துடும்."

கென் முன்னால் சாய்ந்தார். "மூடியோடவா?"

"மூடியோட சார்."

"எல்லாவற்றுக்கும்?"

"எந்த அண்டாவுக்கு எந்த மூடியோ, அதது அதது மேல. அல்லா சாட்சி."

கென் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே முற்றத்தில், ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்பி வந்த டப்பாக்கள் மலைபோலக் கிடந்தன. பாதிக்கு மூடி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "மூடியோட" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொன்னார்.

பாய்க்கு நன்றி சொல்லி ஃபோனை வைத்தார். "திங்கட்கிழமை வா. கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். எந்தத் திசையில் மயிலாப்பூர் இருக்கிறது என்று தெரியாமல், பொதுவாக வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர், நான் அவரைத்தான் கும்பிட்டேன் என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கினார்.

7

பாய் கடைக்கு ஃபோன் போட்டுக் கோமதியைக் கூட்டி வரச் சொல்லியிருந்தேன். மறுநாள் கூப்பிட்டபோது முதலில் எடுத்தது ஏகாம்பரம்.

"நைனா, பூட்ச்சா? என்னாலதானா? பாய் என்னை மூஞ்சில அடிச்சா மாதிரி கேட்டாரு, இன்னாடா சொன்னேன்னு. கேட்டவொடனே வாயில வந்துட்ச்சு நைனா! ராத்திரி சோறு எறங்கல. எம் பொஞ்சாதி கரண்டியத் தூக்கினு வந்துட்டா."

"வேலை கிடைச்சிருச்சு ஏகாம்பரம்."

ஃபோனை மேஜைமேல் போட்ட சத்தம் கேட்டது. அப்புறம், "பாய்! கெடச்சிருச்சாம் பாய்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். பாய் பின்னாலிருந்து மாஷா அல்லா என்றது எனக்குக் கேட்டது.

"ஏகாம்பரம், நான் பேரைச் சொல்லிட்டேனே. இனிமே பந்தலுக்கு நான் வரலாமா?"

"இன்னா பேச்சு பேசறே? நீ வேலைக்குத்தானே சொன்னே, வோட்டுக்கா சொன்னே? வர்ற வருசம் வா. சந்தனம் வெச்சுக் கூட்டினு போறேன்."

அதன் பிறகு நான் ஊருக்குப் போன பங்குனிகளில் பந்தலில் நின்றேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் மனசு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்வி இருப்பதும் நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஃபோன் கோமதி கைக்குப் போனது.

"என்னங்க?"

"வேலை கிடைச்சிருச்சு. கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க. நீயும் உமாவும் கிளம்பற வழியைப் பாருங்க."

தெருச் சத்தம் மட்டும் கேட்டது. குளத்தங்கரைச் சைக்கிள் மணி, யாரோ மல்லி மல்லி என்று கூவுவது.

"கோமதி? கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "ஆனா இன்னொரு தடவை சொல்லுங்க. முழுசா. காசு ஏறினா ஏறட்டும்."

சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு தடவையும் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள்.

இந்த நாட்டுக்கும் ஜோவுக்கும் கென்னுக்கும் நான் செய்ய வேண்டிய நன்றியை வாழ்ந்துதான் காட்ட முடியும். பாய்க்கு ஒவ்வொரு ரம்ஜானுக்கும் வாழ்த்து போகிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை யாராவது வெளிநாட்டில் படித்துவிட்டு, பதில் வராத மனுக்களோடு உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை செய்த ஏதோ ஒரு நல்ல வேலை, சொல்ல வெட்கப்பட்டு வெளியே வராமல் இருக்கலாம். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். நம்ம ஊரில் ஒரு தெருவுக்குப் போட்ட சோறு மூன்றாவது ஆள் வாய்க்குப் போவதற்குள் ஊருக்கே போட்ட சோறாகிவிடும். நான் போட்டதில்லை, சோறு போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு பருக்கையும் கூட்ட வேண்டாம். ஏகாம்பரத்தைச் சிரிப்புக்கு ஆளாக்கவும் வேண்டாம். அன்று அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.